தோட்டத்து வைத்தியர் கங்கைக்கரைத் துறவியான வரலாறு

யாத்திரை என்ற சொல்லைக் கேட்டவுடன் நிவித்திகலையிலே பிறந்து வளர்ந்த நம் மனத்தில் முதலில் தோன்றுவது சிவனொளிபாதமலையேயாகும். மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரையில் இரத்தினபுரி வழியாக மலையேறும் அடியார்களைச் சிறு பிராயம் முதலே கண்டு வந்திருக்கின்றோம். அம்மலைச் சாரலிலே பிறந்து ஓடி வரும் களுகங்கையும் நமக்குப் புனித நதிதான். ஆயினும், வடநாட்டுக் கங்கைக்கரையிலே காவியுடுத்த துறவிகள் பர்ணசாலை அமைத்துத் தவம் புரிகின்றார்கள் என்று பெரியோர் சொல்லக் கேட்கும்போதெல்லாம், அது நமக்கு எட்டாத ஓர் உலகம் என்றே எண்ணியிருந்தோம். லயத்து அறையிலே பிறந்து, இறப்பர் மரத்துப் பாலின் வாடையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கும் அந்தக் கங்கைக்கரைக்கும் என்ன தொடர்பு இருத்தல் கூடும்?

தொடர்பு உண்டு என்று நாம் அறிந்தது இரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தரின் சரித்திரத்தைக் கற்ற பின்னரேயாம். உலகமெங்கும் யோகியென்றும் ஞானியென்றும் போற்றப்பெற்ற அம்மகான், காவியுடுக்கும் முன்னர்ப் பத்தாண்டு காலம் மலாய் நாட்டிலே வைத்தியராகப் பணி செய்தவர். அதிலும் பெரும் பகுதியை ஓர் இறப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியிலே, நம்மைப் போன்ற தமிழ்த் தொழிலாளரின் நடுவிலே கழித்தவர். இச்செய்தி நம் தோட்டங்களிலே பலருக்குத் தெரியாது. ஆதலின், மன்றத்தின் இவ்வாண்டு மலரிலே அவர் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துக் கூற முன்வந்தோம்.

திருநெல்வேலிச் சீமையிலே, தாமிரபரணிப் பாய்ச்சலால் செழித்த பத்தமடை என்னும் கிராமத்தில், 1887ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி அவர் பிறந்தார். கோரைப் பாய்க்குப் பேர்பெற்றது அவ்வூர். பட்டுப் போன்று மெல்லிய பாய் நெய்யும் கைத்திறன் அங்கே இன்றும் மங்கவில்லை. தந்தையார் வேங்கு ஐயர் எட்டயபுரம் ஜமீனிலே உத்தியோகம் வகித்தவர். அன்னையார் பார்வதி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் குப்புசாமி. அத்வைத நூல்கள் பல இயற்றிய அப்பைய தீட்சிதரின் மரபிலே வந்த குடும்பம் அது. வீட்டிலே பூசையும் பசனையும் நாள்தோறும் நடைபெற்றன. பூசைக்கு வில்வமும் மலரும் பறித்துக் கொடுப்பது பாலகன் குப்புசாமிக்கு விருப்பமான வேலையாயிருந்தது.

எட்டயபுரத்து ராஜா உயர்தரப் பாடசாலையிலே கல்வி தொடங்கியது. 1903இல் மெட்ரிக்குலேஷன் தேறிய பின்னர், திருச்சிராப்பள்ளியிலே கிறிஸ்தவ மிஷனாரிமார் நடத்திய எஸ். பி. ஜி. கல்லூரியிலே அவர் சேர்ந்தார். இவ்விடத்திலே வாசகர் சற்று நிற்க வேண்டுமென்று விரும்புகின்றோம். நாமும் மிஷன் பாடசாலையிலே படித்தவர்களே. காலையிலே வேதாகம வாசிப்பு, மாலையிலே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தேவாரம் என்று இரண்டையும் கேட்டு வளர்ந்தோம். இவர்கள் எந்தப் பக்கத்தார் என்று ஊர்ப் பெரியவர்கள் ஐயுற்ற நாட்களும் உண்டு. நாமே நம்மை ஐயுற்ற நாட்களும் உண்டு. குப்புசாமிக்கு அந்த ஐயம் எழுந்ததாகத் தெரியவில்லை. அக்கல்லூரியிலே ஆங்கிலம் நன்கு கற்றார். சேக்ஸ்பியரின் நடு வேனிற் கனவு நாடகத்திலே ஹெலனா என்னும் பெண் வேடம் பூண்டு நடித்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பரீட்சைக்கும் படித்தார். ஒரு கல்வி மற்றொன்றைக் கெடுக்கவில்லை.

பின்னர்த் தஞ்சாவூரிலே வைத்தியக் கல்வி பயின்றார். விடுமுறைக்கும் வீடு செல்லாது ஆஸ்பத்திரியிலேயே தங்கி நோயாளரைக் கவனித்து அறிவு பெருக்கினார். தந்தையார் காலமாகி, அன்னையாரும் நோயுறவே, படிப்பை விட நேர்ந்தது. ஆயினும் ஊக்கம் குன்றவில்லை. 1909ஆம் ஆண்டளவிலே திருச்சியிலிருந்து அம்பரோசியா என்னும் பெயருடன் ஓர் ஆங்கில வைத்திய இதழைத் தொடங்கினார். அம்பரோசியா என்றால் அமுதம். முதலீடாக அன்னையார் கொடுத்தது நூறு ரூபாய். நோய் வந்தபின் மருந்து கொடுப்பதைவிட நோய் வராமற் காக்கும் அறிவை மக்களுக்குக் கொடுப்பதே மேல் என்பது அவ்விளைஞரின் கருத்து.

1913ஆம் ஆண்டு அவர் மலாய் நாட்டுக்குக் கப்பலேறினார். ஆசாரமான அந்தணக் குடும்பத்தவர் ஆகையால், கப்பலிலே கிடைத்த உணவைத் தொட மனமின்றி, வீட்டிலிருந்து கட்டிக் கொண்டுபோன பலகாரத்தைத் தின்றே நாட்களைக் கழித்தார். கரை சேரும்போது பாதி உயிராயிருந்தார். கையிலே பணம் இல்லை, தெரிந்தவரும் இல்லை. அறிமுகத்தின் மேல் அறிமுகமாகத் தேடிச் சென்று, சிரம்பான் நகருக்கு அண்மையிலே ஓர் இறப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பெற்றார். அங்கே ஏறக்குறைய ஏழாண்டும், அதன்பின் சிங்கப்பூருக்கு அருகிலுள்ள ஜொகூரிலே மூன்றாண்டும் அவர் பணி நடந்தது.

அந்நாளைய மலாய்த் தோட்டங்கள் எவ்வாறு இருந்திருக்கும் என்று நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நம் பாட்டன் பாட்டிமார் சொன்ன கதைகளே போதும். தென்னிந்தியாவின் அதே கிராமங்களிலிருந்துதான் ஒரு கப்பல் பினாங்குக்கும் ஒரு கப்பல் இலங்கைக்கும் ஆட்களை ஏற்றிச் சென்றது. இலங்கையிலே ஹேனரத்கொடையில் 1876ஆம் ஆண்டு இறப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. மறுவருடம் மலாய் நாட்டிலும் அம்மரம் வேரூன்றியது. அங்கும் கங்காணி, அங்கும் துரை, அங்கும் விடியுமுன் பால் வெட்டப் போகும் பெண்கள். காட்டை அழித்து மரம் நட்ட இடங்களிலே மலேரியாக் காய்ச்சல் கூட்டங் கூட்டமாக உயிரைக் குடித்தது. வயிற்றுக் கடுப்பும் கொக்கிப் புழுவும் அதற்குத் துணை நின்றன. இத்தகைய இடத்திலேதான் அவ்வைத்தியர் இரவென்றும் பகலென்றும் பாராது உழைத்தார். வந்தவரிடம் பணம் உண்டா என்று கேட்கவில்லை. இல்லாதவர்க்கு மருந்தோடு வழிச்செலவும் கொடுத்தனுப்பினார். வேலை தேடி வந்தவர்க்குத் தம் வீட்டிலே சோறும் இடமும் அளித்தார். சம்பாத்தியம் நன்றாகவே இருந்தது. நல்ல உடையிலும் அவருக்கு ஆசை இருந்தது.

இங்ஙனம் வாழ்ந்தவரின் உள்ளத்தை மாற்றியது எது? நோயுற்று வந்த ஒரு சாதுவுக்கு அவர் மருந்து கொடுத்துப் பேணினார். உடல் தேறிய சாது, நன்றியாக ஒரு வேதாந்த நூலை அவர் கையிலே கொடுத்துச் சென்றார். அந்நூல் ஒரு தாகத்தைக் கிளப்பி விட்டது. சங்கரர், விவேகானந்தர், இராமதீர்த்தர் ஆகியோரின் நூல்களைத் தேடிப் படித்தார். கிறிஸ்தவ வேதாகமத்தையும், கிறிஸ்துவைப் பின்பற்றும் நெறி கூறும் பழைய நூலையும் அவற்றோடு சேர்த்தே படித்தார். மேலும், நாள்தோறும் மரணப் படுக்கையின் பக்கத்திலே நிற்பவர் அவர். உடலின் நோயைத் தீர்த்தாலும் அது மீண்டும் வருகின்றது. பிறவியாகிய நோய்க்கு மருந்து எங்கே என்ற கேள்வி அவரை உறங்க விடவில்லை. 1923ஆம் ஆண்டு, உத்தியோகத்தை உதறிவிட்டுத் தாயகம் திரும்பினார்.

அன்பர்காள், நம் மனத்திலே உறுத்திய ஒரு கேள்வியை இங்கே மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். அவர் புறப்பட்டுப் போன மறுநாள், அவ்வைத்தியரை நம்பியிருந்த தொழிலாளி யாரிடம் போயிருப்பான்? காய்ச்சலிற் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய் யார் முகத்தைப் பார்த்திருப்பாள்? முத்தியைத் தேடிச் செல்வது பெரிது. ஆனால், நோயாளியை விட்டுச் செல்வது தருமமா? தோட்டத்திலே மருந்தின்றித் துடிப்பவரைக் கண்ணாற் கண்டு வளர்ந்த நமக்கு இக்கேள்வியைத் தள்ளிவிட இயலவில்லை. விடையை அவருடைய பிற்கால வாழ்க்கையிலேதான் தேட வேண்டும்.

சென்னையிலே இறங்கியதும் தம் பெட்டிகளை ஒரு நண்பர் வீட்டிலே வைத்துவிட்டு, அவர் வடக்கு நோக்கிச் சென்றார். காசியிலே விசுவநாதரைத் தரிசித்தார். நாசிக், பூனா முதலிய தலங்களுக்குச் சென்றார். பூனாவிலிருந்து பண்டரிபுரத்துக்குக் கால்நடையாகவே நடந்தார். டாம்பீக உடை அணிந்தவர், இப்போது உடுத்த துணியோடு பிச்சை ஏற்று உண்டார். சந்திரபாகை நதிக்கரையிலே தாலஜ் என்னும் ஊரில் ஒரு தபாலதிபர் வீட்டிலே சில மாதம் தங்கி, சமையல் செய்தும் ஏவல் செய்தும் வாழ்ந்தார். தாம் படித்த வைத்தியர் என்று காட்டிக்கொள்ளவில்லை. தனிமையில் தவம் செய்ய ஏற்ற இடம் எது என்று வினவிய போது, இரிஷிகேசத்துக்குச் செல்லும்படி அத்தபாலதிபர் வழி காட்டினார்.

1924ஆம் ஆண்டு மே மாதம் அவர் இரிஷிகேசத்தை அடைந்தார். இமயத்தின் மலைகளை விட்டுக் கங்கை சமவெளிக்கு இறங்கும் வாயில் அது. சூன் மாதம் 1ஆந் திகதி, விசுவானந்த சரஸ்வதி என்னும் துறவி அவரைக் கண்டு, கங்கைக்கரையிலே சந்நியாசம் அளித்துச் சிவானந்த சரஸ்வதி என்று பெயர் சூட்டினார். குருவும் சீடரும் கூடியிருந்தது சில மணி நேரமே. பின்னர்க் குரு தம் வழியே சென்றுவிட்டார்.

கங்கையின் மறுகரையிலே உள்ள சுவர்க்காசிரமத்திலே ஒரு சிறு குடில் சிவானந்தருக்குக் கிடைத்தது. தேள் ஊரும் குடில் அது. அங்கே வாழும் துறவிகளுக்குக் காளி கம்பளிவாலா அன்னசத்திரத்திலே ரொட்டியும் பருப்பும் கிடைக்கும். அதனை வாங்கி வந்து, காய்ந்த ரொட்டியைக் கங்கை நீரிலே நனைத்து உண்டு, எஞ்சிய நேரத்தைத் தவத்திலே செலவிட்டார். குளிர்காலத்து விடியற்காலையிலே, பனி உருகி வரும் கங்கையில் இடுப்பளவு நீரில் நின்று செபம் செய்வது அவர் வழக்கம்.

ஆனால் அவர் கண், தம் குடிலோடு நின்றுவிடவில்லை. அக்கம்பக்கத்துக் குடில்களிலே துறவிகள் பலர் நோயுற்றுக் கவனிப்பாரின்றிக் கிடந்தனர். உற்றார் உறவினரை விட்டு வந்தவர்க்குக் காய்ச்சல் கண்டால் கஞ்சி வைத்துக் கொடுப்பவர் யார்? சிவானந்தர் அவர்கள் குடிலைப் பெருக்கினார், பிச்சை வாங்கி வந்து ஊட்டினார், அழுக்குத் துணியைத் துவைத்தார், மருந்து கொடுத்தார். முன்னர்த் தாம் கட்டி வைத்திருந்த ஆயுள் காப்புறுதிப் பணம் கைக்கு வந்தபோது, 1927ஆம் ஆண்டளவிலே லட்சுமணன் பாலத்தருகே ஓர் இலவச மருந்தகத்தைத் திறந்தார். கேதாரநாதம், பதரிநாதம் செல்லும் யாத்திரிகர் அவ்வழியேதான் நடந்து செல்வர். ஒரு நாள் மருந்து வாங்கிச் சென்ற யாத்திரிகர் ஒருவருக்கு, அதனினும் சிறந்த மருந்து ஒன்று உண்டே என்று மறுநாட் காலையிலே நினைவு வந்தது. உடனே அம்மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையிலே பல மைல் ஓடி, அவரைப் பிடித்து அதனைக் கொடுத்துத் திரும்பினார் என்பர்.

தீர்த்த யாத்திரையையும் அவர் விடவில்லை. தெற்கே இராமேசுவரம், கிழக்கே பூரி என்று பாரத நாட்டைச் சுற்றினார். திருவண்ணாமலையிலே இரமண மகரிஷியின் ஆசிரமத்துக்குச் சென்று பசனை பாடினார். அருணாசலத்தை வலம் வந்தார். 1931ஆம் ஆண்டு, அடியார் சிலரோடு அல்மோரா வழியாகத் திபெத்துக்கு நடந்து, மானசரோவர் ஏரியையும் கைலாய மலையையும் தரிசித்தார். எங்கே சென்றாலும் திரும்பி வந்தது கங்கைக்கரைக்கே.

1934ஆம் ஆண்டு சனவரியிலே கங்கையைக் கடந்து இக்கரைக்கு வந்தார். பாழடைந்து கிடந்த ஒரு பழைய மாட்டுக் கொட்டிலே முதல் இருப்பிடம். அங்கே கூடிய சீடர் நால்வர் ஐவரோடு தொடங்கியதுதான் இன்று உலகறிந்த சிவானந்தாசிரமம். 1936இல் தெய்வ நெறிக் கழகத்தை நிறுவினார். 1945இல் ஆயுர்வேத மருந்துச்சாலையும், 1948இல் யோக வேதாந்தக் கலாசாலையும் தோன்றின. 1953இல் சர்வ சமய மாநாடு அவ்வாசிரமத்திலே கூடியது. ஏறக்குறைய முந்நூறு நூல்களை அவர் எழுதினார். அவற்றிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலே எழுதப்பட்டவை. திருச்சி மிஷன் கல்லூரியிலே கற்ற ஆங்கிலம் வேதாந்தத்தை உலகுக்கு எடுத்துச் சொல்லப் பயன்பட்டது. சாதி, தேசம், ஆண், பெண் என்ற வேற்றுமை பாராது சீடரை ஏற்றார். அதனை வைதிகர் சிலர் குறை கூறியபோதும் அவர் மாறவில்லை.

1950ஆம் ஆண்டு சனவரியிலே, மாலைச் சத்சங்கத்துக்கு வந்த அவரை ஒருவன் கோடரியால் தாக்கினான். தலைப்பாகை காத்தமையால் உயிர் தப்பினார். அடித்தவனைத் தண்டிக்க அவர் இசையவில்லை. பழமும் நூலும் கொடுத்து, மந்திரமும் உபதேசித்து, அவனை ஊருக்கு அனுப்பி வைத்தார். வெறிகொண்டவனையும் நோயாளி என்றே அவ்வைத்தியர் கண்டார் போலும். அதே ஆண்டு செப்டெம்பர் முதல் நவம்பர் வரை பாரதம் முழுவதும் சுற்றுப்பயணம் செய்தபோது, நம் இலங்கைக்கும் வந்து சென்றார். 1953ஆம் ஆண்டளவிலே அவருடைய சீடர் சுவாமி சச்சிதானந்தர் இங்கு வந்து, திருகோணமலையிலும் கண்டியிலும் தபோவனம் அமைத்துத் தொண்டு செய்தார். மலேசியாவிலே பத்துமலையின் அருகேயும் ஒரு சிவானந்தாசிரமம் எழுந்தது. வைத்தியர் விட்டுச் சென்ற நாட்டிலே இவ்வாறு அவர் பெயர் மீண்டும் வேர் கொண்டது.

ஆசிரமத்து மருந்தகமோ ஒருநாளும் மூடப்படவில்லை. 1943ஆம் ஆண்டு சென்னை லொயோலாக் கல்லூரிப் பட்டதாரியான ஓர் இளைஞர் இரிஷிகேசம் வந்து சேர்ந்தார். கத்தோலிக்க குருமார் நடத்தும் கல்லூரியிலே படித்த அவரிடம் சிவானந்தர் ஒப்படைத்த பணி, அம்மருந்தகத்தைப் பார்த்துக்கொள்வதேயாகும். யாரும் தொட அஞ்சிய குட்டநோயாளரின் புண்ணைக் கழுவி மருந்திட்டவர் அவர். சுவாமி சிதானந்தர் என்னும் பெயரோடு, குருவுக்குப் பின் கழகத்தின் தலைவராகி, 2008ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். சிவானந்தர் 1963ஆம் ஆண்டு சூலை மாதம் 14ஆந் திகதி, கங்கைக்கரைக் குடிலிலே மகாசமாதி அடைந்தார்.

இனி, முன்னர் நாம் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அவர் தோட்டத்து நோயாளியை விட்டுச் சென்றது உண்மை. அவ்விழப்பை இல்லையென்று சொல்ல நாம் துணியோம். அவ்வாஸ்பத்திரி வாயிலிலே ஏமாந்து நின்றவர் இருந்திருப்பர். ஆனால் அவர் விட்டவை எவை, விடாதவை எவை என்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். சம்பளத்தை விட்டார்; நல்ல உடையை விட்டார்; பட்டம் பதவி தரும் பெருமையை விட்டார். மருந்துப் பெட்டியை மட்டும் அவர் விடவில்லை. துறவிக்கு எதற்கு மருந்தகம் என்று கேட்கக்கூடிய இடத்திலே, அதையே தவத்தின் ஒரு பகுதியாக்கினார். சிரம்பான் தோட்டத்துக் கூலியாட்களின் பக்கத்திலே இருந்து கற்ற சேவையைத்தான் கங்கைக்கரைக்கு அவர் சுமந்து சென்றார். பெயரறியாத அத்தமிழ்த் தொழிலாளர்களே அவருக்கு முதற் குருமார் என்று சொன்னால் அது பிழையாகாது என்பது நம் கருத்து.

இளைஞர்களே! நம்மில் ஒவ்வொருவரும் ஒருநாள் தோட்டத்தை விட்டுப் புறப்படவே போகின்றோம். பலர் புறப்பட்டும் விட்டோம். பல்கலைக்கழகத்துக்கும், கொழும்புக் கடைக்கும், கடல் கடந்த நாட்டுக்கும் போகின்றோம். அது தவறன்று. லயத்திலேயே பிறந்து லயத்திலேயே மாய வேண்டுமென்று எவரும் நமக்கு விதித்துவிட முடியாது. ஆனால் போகும்போது எதனை விட்டுச் செல்கின்றோம், எதனைக் கையிலே கொண்டு செல்கின்றோம் என்பதிலேதான் நம் யாத்திரையின் பெருமையும் சிறுமையும் இருக்கின்றன. சம்பளத்தையும் உடையையும் பற்றிக்கொண்டு, நம்மை வளர்த்த மக்களின் வலியை மட்டும் விட்டுச் செல்வோமாயின், அது சிவானந்தர் சென்ற வழிக்கு நேர் எதிரான வழியன்றோ?

நாம் விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் தோட்டத்து மருந்துச்சாலை வாசலிலே அம்மாமார் துண்டுச் சீட்டோடு காத்திருப்பதைக் காண்கின்றோம். சீட்டிலே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வதற்கும், சிங்களத்திலே நோயை எடுத்துரைப்பதற்கும், இரத்தினபுரிப் பெரியாஸ்பத்திரிக்குத் துணை போவதற்கும் ஆள் தேடுகின்றார்கள் அவர்கள். நாம் வைத்தியரல்லேம். ஆயினும், மிஷன் பாடசாலை தந்த எழுத்தும் மொழியும் நம்மிடம் உண்டு. நம் மன்றத்து இளைஞர் முறை வைத்து, வாரத்தில் ஒரு காலைப் பொழுதை அவ்வாசலிலே கழிப்போமாயின், அதுவே நமக்கு வாய்த்த கங்கைக்கரை எனக் கொள்வோம். களுகங்கையின் கரையிலே வாழும் நமக்கு அம்மகானின் வரலாறு அவ்வளவேனும் செய்யத் தூண்டுமாக.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.